காருக்காக வீடு மாறலாமா?

கேள்வி: வயது 36. மனைவி, ஒரு மகள். நகரத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் குறை ஒன்றுமில்லை, மகளின் பள்ளியும் பக்கம்தான். கார் நிறுத்தத்தான் இடமில்லை. தெருவில் நிறுத்தி இரண்டு முறை கண்ணாடி உடைந்துவிட்டது. அந்தக் கார் மைத்துனருக்காக என் பெயரில் கடன் போட்டு எடுத்தது. நான்கு தவணை கட்டினார். அப்புறம் தொழில் சரியில்லை என்று காரை என்னிடமே விட்டுவிட்டார். தேவைப்படும்போது வந்து எடுத்துப் போவார். நாங்கள் மாதம் நான்கு முறை எடுத்தால் அதிகம். மூன்று மாதம் அலைந்து, பார்க்கிங்கோடு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். அறைகள் அதே இரண்டுதான், வாடகை கூடுதல். முன்பணத்துக்கு 10 சதவீத ஃபிளாட் ரேட்டில் ஐந்து வருட பர்சனல் லோன் தருகிறார்கள். முன்பணமே இல்லாத திட்டம் ஒன்றும் இருக்கிறதாம். எதை எடுக்கலாம்? மைத்துனர் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறார்.

பதில்: இரண்டையும் எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டைப் பற்றி ஒரு குறைகூட அதில் இல்லை. இன்னொருவருடைய காருக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தையே இடம் மாற்றப் பார்க்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய கணக்கை, கைக்கு வரும் மாதச் சம்பளம் 100 என்று வைத்துச் சுருக்கிக்கொள்கிறேன். இப்போது வாடகை 28, கார் தவணை 16, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 5. ஆக 49 போகிறது, 51 மிஞ்சுகிறது. புது வீட்டுக்குப் போனால் வாடகை 38, காருக்கு அதே 21, முன்பணக் கடனுக்கு 5. மொத்தம் 64. மிச்சம் 36தான். அதிலேயே பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து, சேமிப்பு எல்லாம் நடக்க வேண்டும்.

இப்போது காரின் பங்கை மட்டும் பிரியுங்கள். தவணை 16, ஓட்டும் செலவு 5, கூடுதல் வாடகை 10, முன்பணக் கடன் 5. மாதம் 36. நான்கு முறை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு முறைக்கு 9. சம்பளத்தில் 9 சதவீதத்தை ஒரே டாக்சி சவாரிக்குக் கொடுப்பீர்களா?

கார் என்பது பெரும்பாலும் நிற்கிற பொருள். பார்க்கிங் பொருளாதாரத்தையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட பேராசிரியர் டொனால்ட் ஷூப், ஒரு கார் சராசரியாக 95 சதவீத நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று எழுதினார். நிற்கவும் நிறைய இடம் கேட்கும். இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்றால் சுமார் 135 சதுர அடி. பத்துக்குப் பத்து படுக்கையறையைவிடப் பெரிது. அந்த அறைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் வாடகை கொடுக்கப் போகிறீர்கள். ஜப்பானின் பெரும்பாலான இடங்களில் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்காமல் காரைப் பதிவு செய்யவே முடியாது. அதற்கான சட்டம் 1962லேயே வந்துவிட்டது. இடம் முதலில், கார் அப்புறம். உங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்துவிட்டது.

அந்த "வெறும் 10 சதவீதம்" பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபிளாட் ரேட் என்றால், பாதிக் கடன் அடைந்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி போடுவார்கள். 200 வாங்கினால் 60 தவணையில் 300 கட்டுவீர்கள். குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 17 சதவீதத்துக்கு மேல். முன்பணமே இல்லாத திட்டம் கேட்க இனிக்கும். ஆனால் முன்பணம் காலி செய்யும்போது திரும்பி வரும், அந்தத் திட்டத்தின் கட்டணம் வராது. சுவர் கெட்டது, குழாய் உடைந்தது என்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். இப்படிப் புதிதாக ஏதாவது விளம்பரத்தில் வந்தால், கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்பி வரும் என்ற இரண்டை மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

சரி, காரை என்ன செய்வது? விற்க வேண்டும். கடன் பாக்கி 290, கார் 250க்குப் போகும் என்கிறீர்கள். 40 நஷ்டமாகுமே என்றுதான் தள்ளிப்போடுகிறீர்கள். ஆனால் கார் போனதும் மாதம் 21 கையில் நிற்கும். இரண்டே மாதத்தில் அந்த 40 அடைந்துவிடும், முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆகலாம். அதன் பிறகு இதே வீட்டில், 28 வாடகையில், 72 மிச்சத்தோடு இருப்பீர்கள்.

கஷ்டம் கணக்கில் இல்லை, மைத்துனரிடம் பேசுவதில்தான் இருக்கிறது. முதலில் மனைவியிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். அவர் தம்பி விஷயத்தை அவருக்குத் தெரியாமல் முடிக்கக் கூடாது. அப்புறம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவரிடம் சொல்லுங்கள்: "இந்த மாதக் கடைசிக்குள் கடனை உன் பெயருக்கு மாற்றிக்கொண்டு காரை எடுத்துக்கொள். முடியாவிட்டால் விற்கிறோம்." கோபம் வரலாம், வரட்டும். அவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் உரிமையாளர் என்ற முறையில் உங்களைத்தான் முதலில் தேடி வருவார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம். நான்கு தவணையோடு நின்றவருக்கு இன்னொரு கடனில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனை நீங்களே வாங்கியதற்குச் சமம். உதவி செய்ய மனசு இருந்தால், திரும்பி வராது என்று நினைத்துக் கொடுக்கக்கூடிய சிறு தொகையை ஒரே முறை கொடுங்கள்.

விற்கும் அன்று அவசரப்படாதீர்கள். கடன் முடிந்ததற்கான கடிதத்தை வாங்குங்கள், பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பாருங்கள், இன்சூரன்ஸை மாற்றுங்கள் அல்லது ரத்து செய்யுங்கள். மைத்துனரிடம் இருக்கும் இன்னொரு சாவியை அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.