காற்று திரும்புமுன் கரைக்கு வந்துவிடுங்கள்

கேள்வி: நானும் தங்கச்சியும் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கயாக் ஓட்டிப் பார்க்க இருக்கிறோம். வெள்ளவத்தைக் கடலா, நீர்கொழும்புக் களப்பா? இருவருக்கும் கொஞ்சம் நீந்தத் தெரியும். ஆறுதலாகப் போய், வழியில் மீன்பிடிக்கிறவர்களோடு நாலு கதை கதைத்துவர ஆசை. அவர்கள் தொழிலுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: களப்புக்கே போங்கள். வெள்ளவத்தையில் கரையை ஒட்டிப் பாறைகள். அலை ஒருமுறை கயாக்கைத் தூக்கி அங்கே போட்டால் புதியவர்களால் சமாளிக்க முடியாது. களப்பு பெரும்பாலும் ஆழம் குறைந்தது. மாதமும் நல்ல மாதம். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரையைக் கலக்கும் தென்மேல் பருவக்காற்று பெப்ரவரியில் இல்லை.

நாள் ஆறுதலாகப் போவதும் போகாததும் காற்றின் கையில்தான் இருக்கிறது. விடியலில் தரையிலிருந்து கிழக்குக் காற்று மெல்ல வரும். பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று எழுந்து மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள மேற்குக் கரையில் புறப்படுகிறீர்கள் என்றால், காலையில் காற்றை எதிர்த்துப் போய், அதன் தள்ளலோடு திரும்பலாம். பிந்தினால் கடற்காற்று உங்களைக் கரையிலிருந்து அப்பால் தள்ளும். களைத்த கையோடு அதை எதிர்த்துத் துடுப்பு வலிக்க வேண்டிவரும். ஆறரைக்குப் புறப்படுங்கள். எங்கே இருந்தாலும் எட்டு மணிக்குத் திரும்பத் தொடங்குங்கள். நின்று நின்று போகும் இரண்டு புதியவர்களுக்கு மணிக்கு மூன்று கிலோமீற்றரே நல்ல வேகம். கடலோடு சேரும் களப்பு வாய்ப் பக்கம் போகவேண்டாம். அங்கே நீரோட்டம் இழுக்கும், இயந்திரப் படகுகளும் ஓடும்.

இருவர் கயாக்கில் பாரம் கூடியவர் பின்னால் இருக்கட்டும். முன்னால் இருப்பவர் துடுப்பு வலிப்பதைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் வலிக்க வேண்டும், இல்லையென்றால் துடுப்புகள் மோதும். புறப்படுமுன் பின்முனையிலுள்ள அடைப்பானைத் திருகிப் பாருங்கள். வாடகைக் கயாக்குகளில் அது தளர்ந்திருப்பதுண்டு. உள்ளே தண்ணீர் ஏறினால் கயாக் பாரமாகி ஆடும். லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டிய பிறகு தங்கச்சியை அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. கரையோரத்தில், இடுப்பளவு தண்ணீரில், வேண்டுமென்றே ஒருதரம் கவிழ்ந்து ஏறிப் பழகுங்கள்: கயாக்கை நிமிர்த்தி, ஒருவர் மறுபக்கம் பிடித்துக்கொள்ள, மற்றவர் காலை உதைத்து உடம்பை மிதக்கவிட்டு வயிற்றால் மேலே சறுக்கி, திரும்பி உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுக்க வேண்டும். அடியில் சேறும் சிப்பியும் இருக்கும், பழைய கன்வஸ் சப்பாத்து போடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, நீர்புகாப் பையில் ஃபோன். அவசரத்துக்கு பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990.

இனி மனிதர்கள். கூச்சம் வேண்டாம், ஆனால் கண் முதலில் வலையைத் தேடட்டும். வரிசையாக மிதக்கும் ரப்பர்த் துண்டுகளோ பிளாஸ்டிக் போத்தல்களோ தெரிந்தால் கீழே வலை இருக்கிறது. வள்ளத்துக்கும் மிதவைகளுக்கும் நடுவே புகாமல், வலை இல்லாத பக்கமாகச் சுற்றி வாருங்கள். தண்ணீரில் கொத்தாக நட்ட மரக்கிளைகளையும் காண்பீர்கள். மீன் வந்து ஒதுங்கவென்று ஒருவர் பாடுபட்டுக் கட்டியது அது. அதில் கயாக்கைக் கட்டினாலோ துடுப்பால் தட்டினாலோ மீன் கலைந்துவிடும்.

வலை இழுக்கிறவரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும், அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். வலையைச் சுருட்டிவிட்டோ வெற்றிலை போட்டுக்கொண்டோ இருப்பவரிடம் பக்கவாட்டில் மெல்லப் போய், ஐந்து மீற்றரில் நின்று, துடுப்பை மடியில் குறுக்கே வையுங்கள். நின்று பேச வந்திருக்கிறீர்கள் என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். “அண்ணே, இன்றைக்கு மீன் பட்டுதா?” போதும். தமிழ் தெரியாதவரானால் “அய்யே” என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சிரியுங்கள். கிட்ட வரச் சொன்னாலும் வள்ளத்தின் விளிம்பில் விரலை வைக்காதீர்கள். ஓர் இயந்திரப் படகு அலை கிளப்பிப் போனால் வள்ளத்துக்கும் கயாக்குக்கும் நடுவில் விரல் நசியும். படம் எடுக்குமுன் கேளுங்கள். ஒரு பக்கட் இஞ்சி பிஸ்கட் கொண்டுபோங்கள். ப்ளேன்டீ நீட்டுகிறவருக்குக் காசு நீட்டுவதைவிட அது அழகு. கரைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டால், இருவரும் சேர்ந்தே போவதானால் மட்டும், கயாக் தந்த இடத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் “நேரமாகுது அண்ணே” என்று துடுப்பை எடுத்துவிடலாம்.

இறால் நன்றாகப் பட்டிருந்தால் ஆசை வரும். போகும்போது வாங்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும். திரும்பும்போது வாங்குகிறோம் என்று சொல்லிவைத்து, அவரிடமே வாங்குங்கள். ஐஸ் பெட்டி வாகனத்தில் இருக்கட்டும்.