பக்கவாதம் வந்த மாமனாருக்குச் சட்டையும் லுங்கியும் போட்டுவிடுவது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று மாதம் ஆகிறது. இடது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. கணவர் ஹார்பர் வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். மாமாவுக்குத் துணி மாற்றுவது என் பொறுப்பு. சட்டையில் வலது கையை மாட்டிவிட்டு இடது கையை இழுத்து நுழைப்பதற்குள் வலியில் கத்திவிடுகிறார். பேன்ட் வேண்டாம், லுங்கிதான் வேண்டும் என்கிறார். கட்டிவிட்டால் இடுப்பில் நிற்பதே இல்லை. அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். என்ன செய்வது?"

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சையாளரின்) பதில்:

மாமா கத்துவதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் மாட்டும் வரிசைதான் அது. நல்ல கை முதலில் உள்ளே போய்விட்டால் சட்டையில் தளர்வே இருக்காது. அப்புறம் வராத கையைப் பின்னால் முறுக்கித்தான் நுழைக்க வேண்டும். மாற்றிச் செய்யுங்கள். போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். காலுக்கும் இதேதான்.

தோள் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வரிசை மறக்காது. தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. கையை அதில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகள்தான். பக்கவாதத்தில் அவை தளர்ந்துவிட்டால் கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். அந்த நிலையில் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், பல வாரம் வலி நிற்கும். ஆகவே அந்தக் கையை இழுக்கவே கூடாது, தோள் உயரத்துக்கு மேல் தூக்கவும் கூடாது. எழுப்பும்போது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. உதவிக்கு வரும் உறவுக்காரர்கள் முதலில் செய்வதே இதைத்தான், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி சட்டை. கட்டில் விளிம்பு வேண்டாம், மெத்தை அமுங்கி அவர் இடது பக்கமாகச் சாய்வார். கைப்பிடி உள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்துவிடும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். இடது கையை மடியில் ஒரு தலையணை மேல் வையுங்கள். நீங்கள் அவருக்கு இடது பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள், உங்கள் முதுகும் முக்கியம்.

சட்டையின் இடது கைப்பகுதிக்குள், கை வெளியே வரும் பக்கத்திலிருந்து உங்கள் கையை விட்டு, துணி முழுவதையும் உங்கள் மணிக்கட்டில் சுருட்டிக்கொள்ளுங்கள். பிறகு கைகுலுக்குவது போல அவர் உள்ளங்கையைப் பிடியுங்கள். விரல் நுனியை மட்டும் பிடிக்காதீர்கள். இப்போது அவர் கை அசையாது, துணிதான் உங்கள் கையிலிருந்து அவர் கைக்கு நகரும். முழங்கையைத் தாண்டி, தோள் வரை முழுவதுமாக ஏற்றிவிடுங்கள். பாதியில் விட்டால் பின்னால் இறுக்கும். அடுத்து அவரைக் கொஞ்சம் முன்னால் சாயச் சொல்லி, சட்டையை முதுகுப் பக்கமாகச் சுற்றி வலது பக்கம் கொடுங்கள். வலது கையை அவரே நுழைத்துக்கொள்வார். பட்டனையும் அவரே போடட்டும், கீழிருந்து மேலே. கீழ்ப் பட்டன் கண்ணுக்குத் தெரியும் என்பதால் ஏறுமாறாகப் போகாது.

விரல்கள் இறுக மூடியிருந்தால் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தானாகக் கொஞ்சம் தளரும். அந்த உள்ளங்கையைத் தினமும் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள். நம் ஊர் புழுக்கத்தில் அங்கேயும் கக்கத்திலும் சீக்கிரம் புண் வரும். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், கை வீங்கினால் மாட்டிக்கொள்ளும். பனியனை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்து இடது கை, வலது கை, கடைசியில் தலை என்று போடுங்கள்.

இடது பக்கம் பாதித்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் வரலாம். சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளையில் பதியாது. வலது கையை மட்டும் மாட்டிக்கொண்டு, சட்டை போட்டாயிற்று என்று உட்கார்ந்திருப்பார்கள். அது பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. வலது கையால் இடது கையைத் தொடச் சொல்லி, "மாமா, முதல்ல இந்தக் கை" என்று ஆரம்பியுங்கள். இடது கைப்பகுதியின் ஓரத்தில் சிவப்பு நூலில் நாலு தையல் போட்டு வைத்தால் அவருக்கு அடையாளமாக இருக்கும்.

லுங்கிதான் வேண்டும் என்றால் லுங்கியே இருக்கட்டும். வாழ்நாளெல்லாம் கட்டியவரைப் பேன்ட்டுக்கு மாற்றுவதில் எந்த வைத்தியமும் இல்லை. ஒரு கையால் முடிச்சு போட முடியாததுதான் பிரச்சினை. மூட்டிய லுங்கியைத் தெரு முனைத் தையல்காரரிடம் கொடுத்து இடுப்பில் அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மேலே சட்டை விழுந்துவிட்டால் வித்தியாசமே தெரியாது. நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், தரையில் புரண்டால் தடுக்கி விழுவார். சட்டையையும் அப்படியே கொடுங்கள். பட்டன்களைக் காஜாவின் மேலேயே அழகுக்குத் தைத்துவிட்டு அடியில் வெல்க்ரோ வைக்கலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் புதிதாக எடுப்பதென்றால் அரைக்கை காட்டன் சட்டை, 40 போடுகிறவருக்கு 42.

கூச்சத்துக்கு வழி, ஆண்கள் குழாயடியில் குளித்துவிட்டுச் செய்வதுதான். புதியது மேலே ஏறிய பிறகே பழையது கீழே இறங்கும். மாமா உட்கார்ந்தபடியே இருக்கட்டும். பழைய லுங்கியின் இடுப்பை மட்டும் தளர்த்துங்கள். புதியதை இடது கால், அப்புறம் வலது கால் என்று நுழைத்து, பழையதற்கு மேலேயே தொடை வரை ஏற்றுங்கள். ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காரட்டும், தலைசுற்றல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு ஜன்னல் கம்பியையோ கனமான கட்டிலையோ வலது கையால் பிடித்து ஒரே ஒருமுறை எழட்டும். நீங்கள் இடது பக்கம் நின்று, இடது முழங்கால் மடங்காமல் உங்கள் முழங்காலால் முட்டுக்கொடுத்து, புதியதை இடுப்புக்கு ஏற்றுங்கள். பழையது உள்ளே சரிந்துவிடும். ஒரு அடிகூட நடக்கவிடாமல் உட்கார வைத்து, அதைக் காலிலிருந்து எடுங்கள். உள்ளாடை மாற்றுவதைக் கணவரிடம் விட்டுவிடலாம், வேலைக்குப் போகும் முன்போ வந்த பிறகோ. பிடித்துக்கொண்டும் நிற்க முடியாது என்றால் இது வேண்டாம், படுக்க வைத்து இரு பக்கமும் புரட்டித்தான் மாற்ற வேண்டும்.

ஹவாய் செருப்பு வேண்டாம், கழன்று போனதுகூடத் தெரியாமல் நடப்பார். பின்பக்கம் வார் உள்ளது போதும்.

தண்ணீர் லாரி வரும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வலது கையால் அவர் செய்யக்கூடியதை நேரம் ஆனாலும் அவரே செய்ய வேண்டும். உங்களுக்கு அவசரமென்றால் அவர் கையிலிருந்து பட்டனைப் பிடுங்குவீர்கள், அடுத்த நாள் அவர் முயற்சியே செய்யமாட்டார். காலை பத்து மணிக்கு மேல் வீடு அடங்கிய பிறகு மாற்றினால் என்ன கெட்டுவிடும்?

இழுப்பதை நிறுத்திய பிறகும் தோள் வலி குறையவில்லை என்றாலோ, கை சூடாகி வீங்கினாலோ ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். அடிக்கடி காரணமில்லாமல் அழுகிறார், கோபப்படுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அலைய முடியாதென்றால் பக்கத்திலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். வருகிறவரிடம் சட்டை மாட்டுவதை ஒருமுறை உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள், கணவரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து.