கோட்பாடு சொல்வது எதுவோ அதுவே விடை

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். லீகல் ரீசனிங் பகுதியில், ஒரு கோட்பாட்டைத் தந்து அதை ஒரு நிகழ்வுக்குப் பொருத்தச் சொல்கிறார்கள். நான்கு விடைகளில் இரண்டை உடனே ஒதுக்கிவிடுகிறேன். எஞ்சிய இரண்டில் பெரும்பாலும் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். இதை எப்படிச் சரிசெய்வது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு விடைகள் வரை வந்துவிடுகிறீர்கள் என்றால், பத்தியைப் புரிந்துகொள்வதில் உங்களுக்குக் குறையில்லை. கடைசியில் எஞ்சும் இரண்டில் ஒன்று கோட்பாட்டின் சொற்களிலிருந்து பிறப்பது. மற்றொன்று நம் மனத்துக்கு நியாயமாகப் படுவது. வினா அமைப்பவர் இரண்டாவதை வேண்டுமென்றே வைக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘ஒருவரின் கைவசமுள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதமின்றி, அவருக்கு முறையற்ற இழப்பு ஏற்படுத்தும் எண்ணத்துடன் எடுத்துச் செல்வது திருட்டு’ என்பது கோட்பாடு. ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். கூலி தரும்வரை அதை வைத்துக்கொள்ளக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. கூலியைத் தர மனமின்றி, கடைக்காரர் அசந்த நேரத்தில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். தன் பொருளைத் தானே எடுத்தது எப்படித் திருட்டாகும் என்று மனம் கேட்கும். ஆனால் கோட்பாட்டில் ‘கைவசம்’ என்றுதான் இருக்கிறதே தவிர, ‘சொந்தமான’ என்ற சொல்லே இல்லை. ஆகவே இது திருட்டுதான். 2024 வரை நடைமுறையில் இருந்த, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே திருட்டை விளக்கும் 378-ஆம் பிரிவில் இத்தகைய கைக்கடிகார எடுத்துக்காட்டைத் தந்திருந்தது. அவர் கூலியை ஏற்கெனவே கொடுத்திருந்தால், கடிகாரத்தைப் பிடித்துவைக்கக் கடைக்காரருக்கு உரிமை இல்லை. எனவே முறையற்ற இழப்பும் இல்லை, திருட்டும் இல்லை. நிகழ்வில் ஒரே ஒரு விவரம் மாறினாலும் விடை தலைகீழாகிவிடும் என்பதால், கோட்பாட்டை அதன் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் நிகழ்வில் ஆதாரம் இருக்கிறதா என்று தனித்தனியே சரிபாருங்கள்.

இதைவிட அதிகம் பேரைச் சறுக்கவைப்பது நிபந்தனையின் திசை. ‘கவனக்குறைவால் தீங்கு விளைவித்தவர் இழப்பீடு தர வேண்டும்’ என்பதும், ‘கவனக்குறைவு இருந்தால் மட்டுமே இழப்பீடு தர வேண்டும்’ என்பதும் ஒன்றல்ல. கவனக்குறைவே இல்லாத ஒருவர் இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற முடிவு இரண்டாவது விதியிலிருந்து கிடைக்கும். முதல் விதியிலிருந்து கிடைக்காது, ஏனெனில் கவனக்குறைவு இல்லாத நிலையைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. மாறாக, கவனக்குறைவால் தீங்கு விளைந்தது என்பதை மட்டும் வைத்து இழப்பீடு கட்டாயம் என்று முடிவுகட்ட முதல் விதி இடம்தரும், இரண்டாவது இடம்தராது. ஆங்கிலத்தில் ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ என்ற சொற்கள் வரும் இடங்களை அடிக்கோடிட்டுப் படிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

முடிவைத் தந்துவிட்டு, அதை நியாயப்படுத்தும் கோட்பாட்டைத் தேடச் சொல்லும் கேள்விகளும் உண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் இவை வழக்கமானவை. கோட்பாடு மிகப் பரந்ததாக இருக்கிறது என்பதற்காகவே பலர் சரியான விடையை ஒதுக்கிவிடுகிறார்கள். நியாயப்படுத்தக் கேட்கும்போது பரப்பு ஒரு குறையே அல்ல. தரப்பட்ட நிகழ்விலிருந்து தரப்பட்ட முடிவுக்கு அது நம்மைக் கொண்டுசேர்க்கிறதா என்பதே அளவுகோல்.

கிளாட் தேர்வில் 120 நிமிடங்களில் 120 கேள்விகள்; சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்கு 0.25 மதிப்பெண் குறைப்பு. உண்மையிலேயே இரண்டை நீக்கிவிட்டு, மற்ற இரண்டும் சமமாகத் தோன்றினால், சராசரியாக 0.375 மதிப்பெண் லாபம் என்பதால், கேள்வியை விட்டுவிடாமல் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: என் மகனும் இதே தேர்வை எழுதவிருக்கிறான். இப்போதே சட்டப் புத்தகங்களை வாங்கிப் படிக்கவைக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: ஆர்வமிருந்தால் படிக்கட்டும், தேர்வுக்காக என்றால் தேவையில்லை. இப்பகுதிக்கு முன்கூட்டிய சட்ட அறிவு வேண்டியதில்லை என்று தேர்வை நடத்தும் கூட்டமைப்பே சொல்கிறது. அரைகுறையாகக் கற்ற சட்டம் சில சமயம் இடையூறாகவும் அமையும். உரிய வயதை எட்டாத மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று மோகரி பீபி வழக்கில் 1903-இல், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கான இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இதைப் படித்த மாணவரிடம், ‘வயதை மறைத்து ஒப்பந்தம் செய்த மைனரை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்’ என்ற கற்பனைக் கோட்பாட்டைத் தந்தால், அவர் வினாத்தாளை விட்டுவிட்டு நினைவிலிருக்கும் தீர்ப்பைப் பின்பற்றி மதிப்பெண்ணை இழந்துவிடுவார். உங்கள் மகனுக்கு இப்போது உடனடியாக வேண்டியது, நீண்ட ஆங்கிலப் பத்திகளை நேரம் குறித்துக்கொண்டு படிக்கும் பயிற்சி. நாளிதழ்களின் தலையங்கமும் தீர்ப்புகளைப் பற்றிய விளக்கக் கட்டுரைகளும் அதற்குப் போதும். ஒவ்வொன்றையும் படித்தபின், அதிலுள்ள விதி எது, அது எப்போது பொருந்தாது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.