மங்காத்தாவை வேகாஸில் விற்க முடியுமா?

தம்பி, வேகாஸ் பக்கத்து ஹெண்டர்சனுக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது. அதற்குள், "அக்கா, மங்காத்தாவைக் கொஞ்சம் மாற்றி கேசினோவுக்குக் கொடுத்தால் மாதாமாதம் வாடகை வருமாமே, ஐடி வேலையை விட்டுவிடவா?" என்று கேட்கிறாய். விடாதே. விசாவில் இருக்கிறவன் நீ. பக்கத் தொழில் பற்றி முதலில் குடியேற்ற வக்கீலைக் கேள். சீட்டு விஷயத்தை நான் சொல்கிறேன். லாஸ் வேகாஸ் கேசினோவில் பதினாறு வருஷமாகச் சீட்டுப் போடும் டீலர் நான்.

மங்காத்தாவில் வெட்டிய சீட்டுக்கு ஜோடி விழும்வரை உள்ளே, வெளியே என்று போட்டுக்கொண்டே இருக்கணும். சராசரி 13 சீட்டு. நேரம் சரியில்லை என்றால் 49 வரை இழுக்கும். ஊரில் அந்த இழுவைதான் ருசி. இங்கே மணிக்கு எத்தனை கை (ஆட்டம்) ஓடுகிறது என்றுதான் பார்ப்பார்கள். பக்காரா என்கிற கேசினோ சீட்டாட்டத்தில் ஆறு சீட்டுக்குள் கதை முடிந்துவிடும். மங்காத்தாவின் கணக்கு என்னவோ உதைக்காது: முதல் சீட்டு விழும் பக்கம் 51.5 சதவீதம் ஜெயிக்கும், அதற்குப் பத்து டாலருக்கு ஒன்பதுதான் என்று வைத்தால் ஹவுஸுக்கு, அதாவது கேசினோவுக்கு, 2.15 சதவீதம் நிற்கும்.

1994-இல் டெரெக் வெப் உருவாக்கிய த்ரீ கார்டு போக்கரைப் போய்ப் பார். நம்ம மூணு சீட்டு மாதிரிதான். பந்தயம் கட்டி ஆடு, இல்லை சீட்டை மடக்கிவிடு, அவ்வளவே. ராணிக்குக் கீழே இருந்தால் டீலருடைய கை கணக்கில் சேராது. மூணு சீட்டில் வரக்கூடிய 22,100 கைகளில் ரன் (வரிசையான சீட்டு) 720, கலர் (ஒரே இனச் சீட்டு) 1,096. அதனால் ரன்தான் பெரிசு. ஜோடியோ அதற்கு மேலோ வரும் என்று கட்டும் 'பேர் பிளஸ்' பந்தயத்தில் கலருக்கு நாலு மடங்கு கொடுத்தால் ஹவுஸ் பங்கு 2.32 சதவீதம். அதையே மூணு மடங்காக்கு, 7.28! மேசைத் துணியில் மாறுவது ஒரே ஒரு எண். புது ஆட்டம் என்பது முக்கால்வாசி இந்த வேலைதான்.

பேடண்டை நம்பி இறங்காதே. 1985-இல் கலிபோர்னியாவில் சாம் டொரோசியன் என்பவர் பாய் கவ் போக்கர் என்கிற சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தார். பேடண்ட் கிடைக்காது என்று தப்பாகச் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டார். ஆட்டம் ஊரெல்லாம் பரவியது, அவருக்கு ராயல்டி இல்லை. இன்றைக்கு நிலைமை இன்னும் இறுக்கம்: வழக்கமான சீட்டுக் கட்டை வைத்து விதி மட்டும் புதிதாகச் சொன்னால் போதாது என்று 2016-இலேயே ஒரு பிளாக்ஜாக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரை டிரேட்மார்க் பண்ணலாம். அது போக கணித அறிக்கை, சூதாட்டத்தைக் கண்காணிக்கும் கேமிங் கண்ட்ரோல் போர்டின் அனுமதி, சோதனை ஓட்டம் எல்லாமே செலவு.

நானும் சூடுபட்டவள்தான். நம்ம ஊர் 'முந்நூற்று நாலு' சீட்டாட்டத்தின் வரிசையில் ரெண்டு சீட்டு ஆட்டம் ஒன்று செய்தேன்: ஜாக் பெரிசு, அடுத்தது ஒன்பது, அப்புறம்தான் ஏஸ். ஒரு கேசினோவில் சோதனைக்கு வைத்தார்கள். முதல் ராத்திரியே ஒரு டெக்சாஸ் தாத்தா ஏஸைத் திருப்பி வைத்துச் சிரித்தார். என் ஒன்பதைக் காட்டினேன். "நான் ஏமாந்தேனா?" என்று மேசைகளை மேற்பார்க்கும் பிட் பாஸைக் கூப்பிட்டார். விளக்கி முடிப்பதற்குள் மேசையே காலி. டிப்ஸ் போன கடுப்பில் மற்ற டீலர்களும் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

செவ்வாய் எனக்கு லீவு. ஒரு கட்டும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு வா. மச்சானை ஆட வைப்போம். அவருக்குச் சீட்டே தெரியாது, அதுதான் வசதி.