அத்தைக்கு முழங்கால் வலி, அதோடு சைவம்: எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?

இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். வயது 68, முழங்கால் வலி, சுத்த சைவம். பிள்ளைகளுக்கு ஆறு வயது, மூன்று வயது. ஆகஸ்டில் ஒரே நாளில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கார் இல்லை. கணவர் பிளாக்பூல் என்கிறார், நான் விட்பி என்கிறேன். எது சரி?"

இரண்டுமே வேண்டாம், ஸ்கார்பரோ போங்கள். விட்பி அழகான ஊர்தான். ஆனால் லீட்ஸிலிருந்து நேர் ரயில் கிடையாது. அங்கே குன்றுமேல் இருக்கும் பழைய மடாலயத்துக்கு ஏறும், எல்லோரும் சொல்லும் அந்த 199 படிகளைப் பார்த்ததுமே அத்தை கீழேயே உட்கார்ந்துவிடுவார். பிளாக்பூலில் 1894-இல் திறந்த 158 மீட்டர் கோபுரமும் டிராமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். என்றாலும் ரயிலில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று வயதுப் பிள்ளையோடு போக வர அவ்வளவு நேரம் என்றால், பாவம் நீங்கள்.

ஸ்கார்பரோவுக்கு நேர் ரயில், சுமார் ஒன்றேகால் மணி நேரம். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கினால் பெரியவர்கள் மூவருக்கும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், பெரிய பிள்ளைக்கு அறுபது சதவீதம். சின்னவருக்கு டிக்கெட்டே வேண்டாம். முடிந்தால் சனிக்கிழமை போங்கள். ஞாயிறு என்றால் சில சமயம் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விட்டுவிடுவார்கள்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால், மேட்டிலிருந்து மணலுக்கு இறக்கிவிடும் சென்ட்ரல் டிராம்வே. 1881-இல் வந்தது, நம் பழனி விஞ்ச் மாதிரிதான். அத்தைக்குப் பழக்கப்பட்ட வண்டியாகவே இருக்கும்! கீழே தென் விரிகுடாவில் கழுதைச் சவாரி உண்டு. கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வட விரிகுடாவுக்குப் போங்கள். அங்கே 1931 முதல் ஓடும் குட்டி ரயிலில் சின்னவரை ஏற்றிவிட்டால் அப்புறம் இறங்க மாட்டார்.

கிளம்பும் நாளை முடிவு செய்யும் முன் ஒன்று பாருங்கள்: கடலின் ஏற்ற இறக்க நேரம். மெரினாவில் கடல் எப்போது போனாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும். இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றத்தில் போனால் பிள்ளைகள் விளையாட மணலே மிஞ்சாது. தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மணல் விரிந்துகொண்டே போகும். தண்ணீர் ஆகஸ்டிலும் 14, 15 டிகிரிதான். கால் நனைத்தால் போதும். பிள்ளைகள் இறங்குவதாக இருந்தால், உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும்.

லீட்ஸில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூடான காற்று குளிர்ந்த வடகடல் மேல் வந்தால் மூடுபனியாகி, அந்தக் கரையை மட்டும் மூடிக்கொள்ளும்.

அடுத்தது சாப்பாடு. வாசனை பிடித்துக்கொண்டு அத்தைக்கு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கார்பரோ இருக்கும் யார்க்ஷயரில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய வழக்கம், இன்றும் பல கடைகளில் அப்படித்தான். "வெஜிடபிள் ஆயிலா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றாலும், மீன் பொரித்த அதே எண்ணெயா என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் இருவரும் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ஹாடக் மீன் வாங்கிச் சாப்பிடலாம், அந்தப் பக்கத்தில் அதற்குத்தான் மதிப்பு.

எதைச் சாப்பிட்டாலும் முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள். கடற்காகங்கள் பின்பக்கமாக வந்து கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போகும். புளியோதரை என்று விட்டுவைக்காது.