டைல்ஸுக்கு முன்னா, பின்னா?

கேள்வி: டொரன்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் குளியலறையைப் புதுப்பித்து, பழைய தரையின் மேலேயே டைல்ஸ் பதிக்கிறோம். கழிப்பறைக் கோப்பையின் அடியில் துருப்பிடித்துப்போன ஃபிளாஞ்சை (கோப்பையைக் கழிவுக் குழாயோடும் தரையோடும் இணைக்கும் வளையத்தை) எப்போது மாற்றுவது?

பதில்: டைல்ஸ் பதித்த பிறகு மாற்றுவதே நல்லது, ஏனெனில் ஃபிளாஞ்ச் புதிய தரையின் மேல் படிந்து அமர வேண்டும், கீழே இறங்கியிருந்தால், கோப்பைக்கும் அதற்கும் இடையே கசிவைத் தடுக்கும் மெழுகு வளையம் சரியாக அழுந்தாமல், ஒவ்வொரு முறை ஃபிளஷ் செய்யும்போதும் தண்ணீர் கசிந்து டைல்ஸுக்கு அடியில் ஊறும். குழாயோடு ஒட்டினால் மட்டும் போதாது. கான்கிரீட்டில் துளையிட்டு, துருப்பிடிக்காத திருகுகளால் தரையோடு இறுக்குங்கள். கோப்பை சற்றே ஆடினாலும் மெழுகின் பிடி விட்டுப்போகும் என்பதால், இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பழையதைக் கழற்றியதும் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறுவது ஆபத்து. கோப்பையை வைக்குமுன் துணியை எடுத்துவிட்டு, புதிய மெழுகு வளையத்தையே பொருத்துங்கள்.