வாசகர் கேள்விகள்: உளுந்துக்கு நடுவே தேக்கு

கேள்வி: நாலு ஏக்கர் மேட்டு நிலம். மழைக்கு எள்ளும் கடலையும், பனிக்காலத்தில் உளுந்தும் போடுகிறோம். 9 அடிக்கு ஒரு தேக்கு என நிலம் முழுக்க நடச் சொல்கிறார்கள். கட்டுப்படியாகுமா ஐயா?
– பெகு (மியான்மர்) வாசகர்

பதில்: 9-க்கு 9 அடியில் ஏக்கருக்கு 538 கன்று பிடிக்கும். மூன்று நாலு வருஷத்தில் இலை கூடிவிட்டால் கீழே உளுந்து வராது. மரம் முற்றும்வரை குடும்பம் எதைச் சாப்பிடும்? 1856-இல் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற பிராண்டிஸ், கரேன் மலைவாழ் மக்களைக் கொண்டு தவுங்யாவில், அதாவது காட்டை வெட்டி எரித்த சரிவில் நெல்லோடு கன்றும் நடும் முறையில், தேக்கு வளர்த்தார். ஓரிரு போகம் நெல் எடுத்ததும் அவர்கள் அடுத்த மலைச்சரிவுக்குப் போனார்கள். உங்களுக்கு அடுத்த சரிவு இல்லை.

வரிசைக்கு வரிசை 30 அடி, வரிசைக்குள் 6 அடி விடுங்கள். ஏக்கருக்கு 242 மரம். ஆறேழு வருஷத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டி 121 ஆக்குங்கள். வெட்ட மனசு வராது. ஆனால் தேக்கில் காசு சுற்றளவில்தான் இருக்கிறது. வியாபாரி கட்டையின் நடுச்சுற்றை நாலால் வகுப்பார், வந்ததை அதாலேயே பெருக்குவார், பிறகு நீளத்தால் பெருக்குவார். 10 அடிக் கட்டைக்குச் சுற்று 2 அடி என்றால் இரண்டரை கன அடி. 4 அடி என்றால் 10 கன அடி. 50 கன அடி ஒரு டன். ஒல்லிக் கட்டை இருபது வேண்டும், பருத்தது ஐந்து போதும். பருத்ததற்கு டன் விலையும் கூடுதல்.

வரிசையைத் தெற்கு வடக்காக ஓட்டுங்கள். பனிக்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கிழக்கு மேற்கு வரிசையானால் வடபுறத்து உளுந்து நாள் முழுக்க நிழலில் நின்று, தண்டு நீண்டு, காய் பிடிக்காது. வரிசையிலிருந்து 3 அடி தள்ளி வருஷம் ஒரு முறை ஆழ உழுதால் தேக்கின் பக்க வேர் அறுபட்டு, உளுந்தோடு போட்டி போடாது.

மழை பிடித்ததும் நடுங்கள். ஒரு வருஷ நாற்றில் கட்டைவிரல் பருமன் உள்ளதை எடுத்து, வேரை ஒரு சாணாகவும் தண்டை ஓர் அங்குலமாகவும் நறுக்க வேண்டும். கடப்பாரைக் குழியில் இறக்கி, குதிகாலால் மண்ணை இறுக்குங்கள். வேரைச் சுற்றி இடைவெளி விட்டால் நீர் நின்று வேர் அழுகும். களிமண் நெல் வரப்பில் நடவே வேண்டாம்.

நம் ஈரக்காட்டுத் தேக்குக்கு இன்னொரு சனியன், உயிர்மரத்தைக் குடையும் புழு. வாளில் அறுக்கும்போதுதான் விரல் நுழையும் ஓட்டை தெரியும்; பலகை விலை அங்கேயே விழுந்துவிடும். பட்டையில் மரத்தூள் தள்ளும் மரம் தெரிந்தால், ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டும்போது முதலில் அதை எடுங்கள்.

கேள்வி: நாமே நட்ட தேக்கு நமக்குத்தானே சொந்தம்?
– தாத்தோன் வாசகர்

பதில்: மியான்மரின் 1992 வனச் சட்டப்படி எங்கே நின்றாலும் தேக்கு அரசுடையதாக இருந்தது. 2018-இல் வந்த புதிய சட்டம் தனியார் வளர்க்கும் மரத்துக்கு உரிமை பெற வழி திறந்தது. அதனால் நடும்போதே வனத்துறையில் பதிவு செய்யுங்கள். கன்று வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நெல் நிலமானால், 2012 விளைநிலச் சட்டப்படி வேறு பயிருக்கு மாற்றவே தனி அனுமதி வேண்டும். அதை முதலில் வாங்குங்கள், குழி பிறகு.